ரீயூனியன் தீவின் காட்சிமுனைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தியப் பெருங்கடலில் மடகாஸ்கருக்குக் கிழக்கே, மொரீசியசுக்குத் தென்மேற்கே உள்ள ரீயூனியன், பிரான்சின் கடல்கடந்த மாவட்டங்களில் ஒன்று. விடுமுறைக்கு அங்கே செல்ல நினைப்பவர்கள் அதன் மலைகளையும் எரிமலையையும் பார்ப்பது குறித்து வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. எங்கே நின்று, எந்த நேரத்தில், எதைப் பார்ப்பது என்பதை மட்டுமே இப்பக்கம் பேசுகிறது.

இந்தத் தீவில் காட்சிமுனைகளுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

ரீயூனியன் கடற்கரைக்காகச் செல்லும் தீவு அன்று. மலைக்காகச் செல்லும் தீவு. ஏறத்தாழ 2,500 சதுர கிலோமீட்டர் பரப்பே கொண்ட நிலத்தின் நடுவில், சுமார் 3,070 மீட்டர் உயரத்துக்கு பித்தோன் தெ நேஜ் என்னும் சிகரம் எழுந்து நிற்கிறது. இந்தியப் பெருங்கடல் தீவுகளில் அதைவிட உயரமான சிகரம் வேறில்லை. தென்கிழக்கில் 2,632 மீட்டர் உயரமுள்ள பித்தோன் த லா ஃபூர்னேஸ் இருக்கிறது. உலகில் மிக அடிக்கடி வெடிக்கும் எரிமலைகளில் அதுவும் ஒன்று. முன்னது பல்லாயிரம் ஆண்டுகளாக அடங்கிக் கிடக்கும் பழைய எரிமலை, பின்னது இன்றும் குழம்பைக் கக்கிக்கொண்டிருக்கும் இளைய எரிமலை. தீவைச் சுற்றியுள்ள கடலின் ஆழம் சுமார் 4,000 மீட்டர் என்பதால், கடலடியிலிருந்து கணக்கிட்டால் இந்த மலையின் முழு உயரம் 7,000 மீட்டரைத் தொடும். நாம் காண்பது அதன் தலைப்பகுதியை மட்டுமே.

பழைய எரிமலையை மழையும் நிலச்சரிவும் இலட்சக்கணக்கான ஆண்டுகளாகக் குடைந்தெடுத்ததால், சிகரத்தைச் சுற்றி மஃபாத், சலாஸி, சிலாவோஸ் என்று மூன்று பெரும் பள்ளங்கள் உருவாயின. செங்குத்தான மலைச்சுவர்கள் சூழ்ந்த, கிண்ணம் போன்ற இப்பள்ளங்களை அங்கே சிர்க் என்றே அழைக்கிறார்கள். இவை எரிமலை வாய்கள் என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள், அது சரியன்று. நெருப்பு கட்டிய மலையைத் தண்ணீர் செதுக்கியதன் விளைவே இவை. இந்தச் சிகரங்களும் சிர்க்குகளும் மலைச்சுவர்களும் 2010ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. அந்த மரபுப் பகுதி தீவின் பரப்பில் சுமார் 40 விழுக்காடு.

இந்தியர்களுக்கு இத்தீவோடு இன்னோர் உறவும் உண்டு. பூமியின் ஆழத்திலிருந்து இத்தீவுக்கு உருகிய பாறையை அனுப்பிக்கொண்டிருக்கும் அதே வெப்பப் புள்ளிதான், சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இந்திய நிலத்தட்டு அதன் மேலாக வடக்கு நோக்கி நகர்ந்தபோது, தக்காணத்தின் பசால்ட் பாறை அடுக்குகளைக் கொட்டிக் குவித்தது என்று புவியியலாளர்கள் பெரும்பாலும் கருதுகிறார்கள். பின்னர் மாலத்தீவு, மொரீசியஸ் போன்ற தீவுகளின் அடித்தளமும் அதே வரிசையில் உருவானது. ஃபூர்னேசின் கறுப்புப் பாறையின் மேல் நிற்கும்போது இதை நினைத்துப் பார்ப்பது காட்சியின் பொருளையே மாற்றிவிடும்.

எந்த மாதங்களில் செல்வது நல்லது?

மே முதல் நவம்பர் வரையிலான உலர்ந்த, குளிர்ந்த பருவமே காட்சிமுனைகளுக்கு ஏற்றது. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வெப்பமும் மழையும் கூடும். புயல்கள் தாக்குவதும் அப்போதுதான். 2024 ஜனவரியில் பெலால் புயலும், 2025 பிப்ரவரி இறுதியில் காரான்ஸ் புயலும் தீவைக் கடுமையாகத் தாக்கின. புயலுக்குப் பிறகு மலைப்பாதைகள் பல வாரங்கள், சில வேளைகளில் மாதக்கணக்கில் மூடப்பட்டிருக்கும். மழைக்காலத்தில் அருவிகள் பெருக்கெடுப்பது உண்மைதான். ஆனாலும் மேகமும் சேறும் அடைபட்ட சாலையும் சேர்ந்து பயணத்தைக் கெடுத்துவிடும் வாய்ப்பே அதிகம்.

எல்லோரும் அதிகாலையில் போகச் சொல்கிறார்களே, அது அவ்வளவு கட்டாயமா?

கட்டாயம்தான். ரீயூனியன் பயணத்தில் மனத்தில் பதிய வைக்க வேண்டிய ஒரே விதி எது என்று கேட்டால் இதையே சொல்லலாம். எந்த முனைக்குப் போகிறோம் என்பதைவிட எத்தனை மணிக்கு அங்கே நிற்கிறோம் என்பதே காட்சி கிடைக்குமா கிடைக்காதா என்பதைத் தீர்மானிக்கிறது.

காரணம் எளிது. இரவில் குளிர்ந்த காற்று மலைச்சரிவுகளில் கீழிறங்குவதால், விடியும்போது வானம் பெரும்பாலும் தெளிந்திருக்கும். வெயில் ஏறியதும் சரிவுகள் சூடாகின்றன. கடலிலிருந்து ஈரக்காற்று மேலேறி, குளிர்ந்து மேகமாகிறது. ஒன்பது, பத்து மணிக்குள் நடுத்தர உயரங்கள் முழுவதையும் மேகம் போர்த்திவிடும். காலை ஏழு மணிக்கு அடி முதல் முடி வரை தெரிந்த சிர்க், பத்தரை மணிக்கு வெறும் வெள்ளைப் புகையாக நிற்பது அங்கே அன்றாட நிகழ்ச்சி. நண்பகலில் வந்து சேரும் பயணிகள் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெண்மையையே பார்த்துவிட்டுத் திரும்புவதைக் காணும்போது வருத்தமாக இருக்கும். அவர்கள் தவறவிட்டது மூன்று மணி நேர இடைவெளியில்தான்.

இதில் ஒரு நுணுக்கமும் உண்டு. ஏறக்குறைய 2,000 மீட்டருக்கு மேலே, குளிர்காற்றின் மீது வெப்பமான உலர்காற்று மூடிபோட்டதுபோல் அமர்ந்திருப்பதால், மேகங்கள் பல நாட்களில் அதைத் தாண்டி ஏறுவதில்லை. ஆகவே உயரமான முனைகளில், குறிப்பாக எரிமலைப் பகுதியில், கீழே மேகக்கடல் விரிந்திருக்க நாம் வெயிலில் நிற்கும் வாய்ப்பு உண்டு. நடுத்தர உயரத்தில் உள்ள முனைகளுக்கு அந்தச் சலுகை இல்லை. அவற்றுக்குத்தான் விடியல் மிகவும் தேவை.

சூரியன் டிசம்பரில் காலை ஐந்தரை மணி அளவிலும், ஜூன், ஜூலை மாதங்களில் ஏழு மணிக்குச் சற்று முன்னரும் எழும். அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு விடுதியிலிருந்து புறப்பட வேண்டும்.

ஒரே ஒரு காட்சிமுனைக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் எதைத் தேர்ந்தெடுப்பது?

மாயிதோ. தீவின் மேற்கில் சேன் போல் நகருக்கு மேலே, சுமார் 2,200 மீட்டர் உயரத்தில், மஃபாத் சிர்க்கின் விளிம்பில் இம்முனை இருக்கிறது. கடற்கரையிலிருந்து காரில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். கரும்புத் தோட்டங்களைக் கடந்து, ஜெரானியம் எண்ணெய் வடிக்கும் பெத்தித் ஃபிரான்ஸ் கிராமத்தின் வழியாக, காட்டுக்குள் வளைந்து வளைந்து சாலை ஏறுகிறது. நிறுத்துமிடத்திலிருந்து சில நிமிட நடைதான். விளிம்பை எட்டும் வரை எதிரே ஒன்றும் தெரியாது; அடுத்த அடியில் காலுக்குக் கீழே ஆயிரம் மீட்டர் அளவுக்குப் பாறைச்சுவர் நேராக இறங்குகிறது.

அங்கே நின்றதும் எல்லோரும் தொலைவில் உள்ள சிகரங்களைத்தான் பார்ப்பார்கள். பித்தோன் தெ நேஜும் குரோ மோர்னும் எதிரே நிற்பதால் அது இயல்பே. ஆனால் கண்ணைக் கீழே இறக்கிச் சற்றுப் பொறுமையாகத் தேட வேண்டும். பிளந்து கிடக்கும் பள்ளத்தாக்குகளுக்கு இடையே, மேசை அளவே தெரியும் சமதளங்களில், சிவப்பும் வெள்ளையுமாகத் தகரக் கூரைகள் தென்படும். அவை இலே எனப்படும் குக்கிராமங்கள். மஃபாத்துக்குள் சாலையே கிடையாது. சில நூறு பேர் வாழும் அந்தச் சிர்க்குக்குள் நடந்து செல்லலாம், அல்லது ஹெலிகாப்டரில் இறங்கலாம். அடிமைத்தளையிலிருந்து தப்பியோடியவர்கள் ஒளிந்து வாழ்ந்த இடம் அது. அந்தச் சுவர்களைப் பார்த்த பிறகு, துரத்தி வந்தவர்களுக்கு அவர்களைப் பிடிப்பது ஏன் அவ்வளவு கடினமாக இருந்தது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

படம் எடுப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. மாயிதோ சிர்க்கின் மேற்கு விளிம்பில் இருப்பதால் காலைச் சூரியன் நேர் எதிரே, சிகரங்களுக்குப் பின்னாலிருந்து எழுகிறது. ஆகவே முதல் அரை மணி நேரம் பள்ளம் நிழலிலேயே கிடக்கும். வந்ததும் படம் எடுத்துவிட்டுக் கிளம்பாமல், ஒளி மலைமுகடுகளைத் தாண்டிச் சுவர்களில் படிப்படியாக இறங்கும் வரை காத்திருப்பது நல்லது. காத்திருக்கும் நேரத்தில், தீவுக்கே உரிய தெக்-தெக் என்னும் சிறு பறவை பக்கத்துப் புதரில் வந்து அமர்ந்து, மனிதரைக் கண்டு அஞ்சாமல் தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருக்கும்.

எரிமலையை எங்கிருந்து பார்ப்பது சிறந்தது?

பா த பெல்கோம்ப் என்னும் விளிம்பிலிருந்து. ஆனால் அங்கே போய்ச் சேரும் வழியும் காட்சிமுனைகளின் வரிசையே என்பதால், இதை ஒரே இடமாகக் கருதாமல் ஒரு முழுக் காலைப்பொழுதாகத் திட்டமிட வேண்டும். கிழக்கிலுள்ள சேன் பெனுவாவையும் தெற்கிலுள்ள சேன் பியேரையும் இணைக்கும் மலைச்சாலையில் இருக்கும் பூர் முரா என்ற ஊரிலிருந்து எரிமலைச் சாலை பிரிகிறது. அங்கிருந்து விளிம்பு வரை முக்கால் மணி நேரப் பயணம்.

முதலில் பசும்புல் மேய்ச்சல் நிலங்கள் வரும். மாடுகள் மேயும் அந்தக் குளிர்ந்த வெளியைப் பார்த்தால் வெப்பமண்டலத் தீவு என்றே தோன்றாது. அடுத்து நே த பெஃப் முனை. இங்கே சாலையோரத்திலிருந்தே ரெம்பார் ஆற்றின் ஆழமான பள்ளத்தாக்கு கடல் வரை தெரியும். அதையும் தாண்டினால் கொமெர்சோன் எரிமலை வாய். செங்குத்தான சுவர்களோடு தரையில் திறந்திருக்கும் பெரும் குழி. மழை அளவில் இவ்விடம் உலகப் பட்டியலில் இடம்பெற்றது. 2007 பிப்ரவரியில் கமேத் புயல் கடந்தபோது இங்கே 72 மணி நேரத்தில் 3,930 மில்லிமீட்டர் மழை பதிவானது. சிர்க்குகளைக் குடைந்த தண்ணீர் எவ்வளவு வலியது என்பதற்கு இந்த ஓர் எண் போதும்.

அதன் பிறகு சாலை ஒரு விளிம்பில் திரும்பி, கீழே பிளேன் தெ சாப்ள் என்னும் மணல்வெளி திடீரென்று விரிகிறது. பச்சை முற்றிலும் மறைந்து, துரு நிறமும் கருமையும் கலந்த எரிமலைத் துகள் தொலைதூரம் வரை பரந்திருக்கிறது. இறங்குவதற்கு முன் அந்த மேட்டில் வண்டியை நிறுத்திப் பார்க்கத் தவறக் கூடாது. கதிர் சாய்வாக விழும் காலையில் மணலின் ஒவ்வொரு மடிப்பும் தனித்துத் தெரியும். நண்பகலில் அதே வெளி தட்டையாகிவிடும். என் கருத்தில் தீவின் மிக வியப்பான காட்சி இதுதான். பெல்கோம்ப்பை எட்டும் அவசரத்தில் பலர் இதை வண்டிச் சன்னல் வழியாகவே கடந்துவிடுகிறார்கள். இதற்குப் பின் சாலை மண் பாதையாகி, குண்டும் குழியுமாக இருக்கும்.

பா த பெல்கோம்ப் 2,311 மீட்டர் உயரத்தில் உள்ளது. இங்கிருந்து பார்த்தால், இடிந்து தாழ்ந்த பழைய எரிமலைப் பரப்பான ஆங்க்லோவும், அதன் நடுவில் ஃபூர்னேசின் கூம்பும் முழுமையாகத் தெரியும். அடிவாரத்தில் சிறு செம்மேடாக இருப்பது ஃபோர்மிகா லியோ. 1753இல் ஒரு வெடிப்பில் உருவானது. பரப்பு முழுவதும் உறைந்து கிடக்கும் குழம்பு ஓட்டங்களில் கறுப்பின் எத்தனையோ சாயல்கள் உண்டு. பொதுவாக, புதிய ஓட்டம் மைக்கறுப்பாகவும் பழையது சாம்பலும் பழுப்புமாகவும் இருக்கும்.

பெல்கோம்ப்பிலிருந்து எரிமலை வாய் வரை நடந்து செல்லலாமா?

எரிமலை அமைதியாக இருக்கும்போது செல்லலாம். விளிம்பிலிருந்து சில நூறு படிகள் வழியாக ஆங்க்லோவுக்குள் இறங்கி, பாறைமீது தீட்டியுள்ள வெள்ளைக் குறிகளைப் பின்பற்றி நடக்க வேண்டும். ஃபோர்மிகா லியோ வரை போய்வருவது எளிய நடை. நடக்கப் பழகிய சிறுவர்களும் வரலாம். தொலொமியூ என்னும் பெரிய எரிமலை வாயின் விளிம்பில் உள்ள காட்சிமுனை வரை போய்வர ஐந்து அல்லது ஆறு மணி நேரம் ஆகும். 2007 ஏப்ரலில் நடந்த பெரும் வெடிப்பின்போது அந்த வாயின் தளம் 300 மீட்டருக்கும் மேல் உள்வாங்கிச் சரிந்தது. அதன் ஓரங்கள் இன்றும் உறுதியற்றவை என்பதால் குறித்த இடத்தைத் தாண்டி ஓர் அடியும் வைக்கக் கூடாது.

வழியில் தண்ணீரும் நிழலும் கிடையாது. அதைவிடப் பெரிய ஆபத்து மூடுபனி. மேகம் இறங்கிவிட்டால் அடுத்த வெள்ளைக் குறிகூடத் தெரியாமல் போகும். எல்லாத் திசையும் ஒரே கறுப்புப் பாறையாக இருப்பதால் வழிதவறுவது எளிது. அப்போது கடைசியாகக் கண்ட குறியை விட்டு நகராமல், தெளியும் வரை அங்கேயே இருப்பதுதான் பாதுகாப்பு.

பயண நாட்களில் எரிமலை வெடித்தால் என்ன செய்வது?

முதலில், அஞ்ச வேண்டியதில்லை. ஃபூர்னேசின் வெடிப்புகள் பெரும்பாலும் வெடித்துச் சிதறுபவை அல்ல. தரையில் பிளவு விழுந்து, அதன் வழியே குழம்பு ஊற்றாகப் பீறிட்டு வழியும். அதுவும் மக்கள் வாழாத ஆங்க்லோவுக்குள்ளேயே பெரும்பாலும் நிகழ்ந்துவிடும். பூர் முராவில் உள்ள எரிமலை ஆய்வகம் நில அதிர்வுகளையும் தரை வீங்குவதையும் இரவும் பகலும் கண்காணிக்கிறது. வெடிப்பு நெருங்குவதாகத் தெரிந்ததும் அரசு நிர்வாகம் ஆங்க்லோவின் நுழைவாயிலை மூடிவிடும்.

பிளவு எங்கே விழுந்திருக்கிறது என்பதைப் பொறுத்துப் பார்க்கும் இடமும் மாறும். தெற்குச் சரிவில் விழுந்தால், ஆங்க்லோவின் விளிம்பிலேயே உள்ள பித்தோன் த பேர் என்னும் முனை வரை மணல்வெளிப் பக்கத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் போல நடந்து சென்று பார்க்கிறார்கள். குழம்பு கிழக்கே கடலை நோக்கி இறங்கினால் கடற்கரைச் சாலையிலிருந்தே தெரியும். பகலில் புகையும் மங்கிய சிவப்பும்தான் தெரியும். இருட்டிய பிறகோ விடியலுக்கு முன்போ பார்த்தால்தான் குழம்பின் ஓட்டம் முழுவதும் புலப்படும். அன்று தீவின் பாதி மக்களும் அங்கேதான் இருப்பார்களோ என்று எண்ணும்படி சாலை நெரியும். தலைவிளக்கு, கம்பளி ஆடை, உணவு, தண்ணீர் எல்லாவற்றோடும் முன்கூட்டியே போய்ச் சேர வேண்டும். எந்தப் பாதை திறந்திருக்கிறது என்பதை அன்றைய அரசு அறிவிப்பில் பார்த்துக்கொண்டே கிளம்ப வேண்டும்.

சிலாவோஸ், சலாஸி சிர்க்குகளை எங்கிருந்து காண்பது?

சிலாவோசுக்கு இரு வழிகள் உண்டு. மேலிருந்து பார்க்க விரும்புவோர் சேன் லூயிக்கு மேலே உள்ள ஃபெனெத்ர் தெ மாக் முனைக்குச் செல்லலாம். சுமார் 1,600 மீட்டர் உயரத்தில், காட்டுப் பாதை முடியும் இடத்தில், மரங்களுக்கு இடையே சிர்க் முழுவதும் திறந்துகொள்கிறது. மாயிதோவைவிடத் தாழ்வாக இருப்பதால் இங்கே மேகம் இன்னும் சீக்கிரம் வந்துவிடும். ஒன்பது மணிக்குப் பிறகு நம்பிப் போக வேண்டாம். அன்றி, சிர்க்குக்குள்ளேயே செல்வதானால் சேன் லூயியிலிருந்து ஏறும் சாலையில் 400க்கும் மேற்பட்ட வளைவுகளும் ஒற்றை வண்டி மட்டும் நுழையும் சுரங்க வழிகளும் உண்டு. சிலாவோசில் ஓர் இரவு தங்கிவிடுவதே நல்லது. வளைவுகளில் தலைசுற்றி வந்தவர்கள் அதே நாளில் திரும்புவது பெரும் துன்பம்.

சலாஸி கிழக்குக் காற்றை நேரே வாங்குவதால் மூன்றிலும் ஈரமானது, பசுமையானது. அதன் சாலையே காட்சிமுனை. மணப்பெண்ணின் முக்காடு என்று பெயர் பெற்ற அருவி பல இழைகளாகப் பிரிந்து மலைச்சுவரில் இறங்குவதைச் சாலையிலிருந்தே பார்க்கலாம். பழைய மரவீடுகள் கொண்ட எல் பூர் கிராமம் அதற்கு மேலே இருக்கிறது.

த்ரூ த ஃபேர் அருவியைப் பார்க்க முடியுமா?

பெலூவ் காட்டின் தங்குமிடத்திலிருந்து ஒரு வழிக்கு மூன்றரைக் கிலோமீட்டர் போல நடந்தால், பல அருவிகள் ஒரே ஆழ்ந்த பிளவுக்குள் விழும் இடத்துக்கு எதிரே உள்ள மேடையை அடையலாம். பாதை தட்டையானதுதான், ஆனால் சேறு கணுக்கால் வரை இருக்கும். வேல இனத்தைச் சேர்ந்த மலைமரங்கள் பாசி போர்த்திச் சாய்ந்து நிற்கும் அந்தக் காட்டுக்காகவே நடக்கலாம்.

கடலோரத்தில் பார்க்கத் தக்க முனைகள் எவை?

தென்கிழக்கில் சேன்த் ரோசுக்கும் சேன் ஃபிலிப்புக்கும் இடையே செல்லும் சாலை, குழம்பு கடலை நோக்கி இறங்கும் கிரான் புருலே சரிவைக் குறுக்கே கடக்கிறது. ஒவ்வொரு குழம்பு ஓட்டத்தின் ஓரத்திலும் அது வழிந்த ஆண்டைக் குறித்த பலகை நிற்கிறது. வண்டியை விட்டு இறங்கி, அடுத்தடுத்த ஆண்டுகளின் பாறைகளைக் குனிந்து பார்த்துக்கொண்டே சென்றால், வெறும் கல் எப்படிக் காடாகிறது என்பது கண்முன்னே விளங்கும். புதிய பாறையில் முதலில் சாம்பல் வெண்மையான கற்பாசி படிகிறது. பிறகு விரிசல்களில் சிறு பெரணிகள் தலைகாட்டுகின்றன. இன்னும் பழைய ஓட்டங்களில் புதர்களும் மரங்களும் வேர்விட்டு நிற்கின்றன. 2007இல் வந்த குழம்பு இதே சாலையைப் புதைத்துக் கடலுக்குள் இறங்கிப் புது நிலத்தை உண்டாக்கியது.

அங்கிருந்து வடக்கே பித்தோன் சேன்த் ரோஸ் ஊரில் ஒரு தேவாலயம் உள்ளது. 1977 ஏப்ரலில் எரிமலைக் குழம்பு வழக்கமான எல்லையைத் தாண்டி ஊருக்குள் புகுந்து வீடுகளை எரித்தது. தேவாலயத்தைச் சூழ்ந்த குழம்பு வாசலோடு நின்றுவிட்டது. மக்கள் முன்பே வெளியேற்றப்பட்டிருந்ததால் உயிரிழப்பு இல்லை. உறைந்த பாறை இன்றும் சுவரை ஒட்டியே கிடக்கிறது. இந்த நிகழ்வுக்குப் பிறகுதான் எரிமலை ஆய்வகம் அமைக்கப்பட்டது.

தெற்கில் காப் மெஷான் முனையில் கறுப்புப் பசால்ட் பாறைச்சுவரில் அலைகள் மோதுவதைக் காணலாம். மேற்கே சேன் லே அருகில் பாறைத் துளை வழியாகக் கடல்நீர் பீறிடும் சூஃப்ளேர் உள்ளது. அலை வலுவாக இருக்கும் நாட்களில் ஓரத்துக்குச் செல்லக் கூடாது. சுறாத் தாக்குதல்களால், பவளத் திட்டுக்குள் அமைந்த காயல்களையும் கண்காணிப்புள்ள இடங்களையும் தவிர மற்ற கடற்பகுதிகளில் குளிப்பது 2013 முதல் தடைசெய்யப்பட்டுள்ளது.

கிழக்குக் கடற்கரை வழியாகப் போகிறவர்கள் சேன் ஆந்த்ரே பகுதியில் கோபுரங்களைக் கண்டு வியப்பதுண்டு. அடிமைமுறை 1848இல் ஒழிக்கப்பட்ட பின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த தமிழர்களின் வழித்தோன்றல்கள் எழுப்பிய கோயில்கள் அவை.

முதியவர்களும் சிறு குழந்தைகளும் எங்கெல்லாம் வரலாம்?

மாயிதோ, ஃபெனெத்ர் தெ மாக், நே த பெஃப், பெல்கோம்ப் விளிம்பு ஆகியவற்றில் வண்டியிலிருந்து இறங்கிச் சில நிமிடங்கள் நடந்தால் போதும். இவற்றோடு புவா கூர் முனையையும் சேர்க்க வேண்டும். பூர் முராவுக்கு அருகில் இருந்தும் இங்கே கூட்டம் குறைவு. கீழே கிரான் பசேன் என்னும் சாலையில்லாக் குக்கிராமம் தெரியும். அங்கே வாழ்பவர்களுக்குப் பொருட்கள் கம்பிவடத்தில் தொங்கியபடி இறங்குகின்றன. உயரமான முனைகளில் வேகமாக நடந்தால் மூச்சு வாங்கலாம். இதயக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

பித்தோன் தெ நேஜ் உச்சியில் சூரிய உதயம் பார்க்க எவ்வளவு தெம்பு வேண்டும்?

நிறையவே வேண்டும். சிலாவோசுக்கு அருகிலிருந்து தொடங்கி, முதல் நாள் 2,478 மீட்டர் உயரத்தில் உள்ள கவேர்ன் துஃபூர் தங்குமிடம் வரை செங்குத்தாக ஏற வேண்டும். மறுநாள் விடியலுக்கு இரண்டு மணி நேரம் முன்னதாக விளக்கோடு உச்சிக்குக் கிளம்ப வேண்டும். தங்குமிடத்துக்கு முன்பதிவு இன்றியமையாதது. உச்சியில் குளிர்காலத்தில் உறைபனி படியும். மலையேற்றப் பழக்கம் இல்லாதவர்கள் மாயிதோவிலேயே நிறைவு காணலாம். இறங்கும்போது முழங்கால் படும் பாட்டுக்கு ஈடான காட்சி எல்லோருக்கும் கிடைத்துவிடும் என்று சொல்ல முடியாது.

ஹெலிகாப்டர் பயணம் தேவையா?

மஃபாத்துக்குள் நடக்க முடியாதவர்களுக்கும், த்ரூ த ஃபேர் பிளவை மேலிருந்து பார்க்க விரும்புவோருக்கும் அது நல்ல வழி. செலவு கூடுதல். முன்பதிவு செய்வதானால் காலையின் முதல் பயணத்தையே கேட்டுப் பெற வேண்டும். சிர்க்குகளை நிலத்திலிருந்து பார்த்துவிட்டுப் பிறகு பறப்பவர்களுக்கே கீழே தெரிவது எது என்று புரியும்.

கார் இல்லாமல் இயலுமா?

ஊர்களுக்கு இடையே பேருந்துகள் ஓடுகின்றன. சிலாவோசுக்கும் சலாஸிக்கும் அவற்றில் செல்லலாம். ஆனால் விடியற்காலையில் மாயிதோவிலோ பெல்கோம்ப்பிலோ நிற்பதற்குப் பேருந்து உதவாது. வாடகைக் கார் எடுத்துக்கொள்வதே வசதி. அங்கே சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும் என்பதை இந்தியர்கள் நினைவில் கொள்ள வேண்டும். பூர் முராவைத் தாண்டினால் எரிபொருள் நிலையம் இல்லை. நிறுத்துமிடங்களில் கண்ணாடியை உடைத்துத் திருடுவது நடப்பதுண்டு. ஆகவே பைகளை வெளியே தெரியும்படி வைக்கக் கூடாது.

என்ன உடை, எத்தனை நாள்?

ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ ஆறு, ஏழு பாகை குறையும். கடற்கரையில் 22 பாகை இருக்கும் காலையில் பெல்கோம்ப்பில் ஐந்து, ஆறு பாகை இருப்பது வழக்கம். ஜூலை, ஆகஸ்டில் உறைநிலைக்கும் இறங்கும். கம்பளிச் சட்டை, காற்றைத் தடுக்கும் மேலாடை, தொப்பி, பிடிப்புள்ள காலணி ஆகியவை வேண்டும். அதே இடத்தில் பத்து மணி வெயில் தோலைச் சுடும்.

ஒரு வாரம் இருந்தால் நிதானமாகப் பார்க்கலாம். மேற்குக் கடற்கரையில் தங்கி மாயிதோவையும் சிலாவோசையும், பூர் முராவைச் சுற்றியுள்ள மேட்டுநிலத்தில் தங்கி எரிமலையையும் புவா கூரையும் பெலூவையும் பார்ப்பது உகந்தது. கடலோரக் குழம்புச் சாலைக்கு விடியல் தேவையில்லை; அதை எந்தப் பிற்பகலிலும் வைத்துக்கொள்ளலாம். ஒரு நாளுக்கு ஒரே ஓர் உயர்முனை என்று வைத்துக்கொண்டு, ஒரு காலையை எதற்கும் ஒதுக்காமல் விட்டுவிடுங்கள்.

அத்தனை முயன்றும் மேகம் மூடிவிட்டால்?

அதற்காகவே அந்த ஒதுக்காத காலை. மாயிதோ மூடியிருந்தால் அதே நாளில் மேலும் உயரமான எரிமலைப் பகுதி தெளிந்திருக்கக்கூடும். கிழக்கில் மழை பெய்யும்போது மேற்குச் சரிவு வெயிலில் கிடப்பதும் உண்டு, ஏனெனில் தென்கிழக்குக் காற்று தன் ஈரத்தையெல்லாம் கிழக்கிலேயே கொட்டிவிடுகிறது. புறப்படுமுன் பிரான்சின் வானிலைத் துறை அறிவிப்பையும், எரிமலைப் பகுதியின் நேரடிக் கேமராக் காட்சிகளையும் பார்த்துக்கொண்டால் வீண் அலைச்சல் மிச்சமாகும். முனையில் நிற்கும்போதே மேகம் வந்துவிட்டால் உடனே திரும்பிவிடாமல் இருபது நிமிடம் பொறுத்துப் பார்க்கலாம். காற்று திரையை விலக்கி ஒரு மலைச்சுவரை மட்டும் காட்டி மீண்டும் மூடும் காட்சி, தெளிந்த வானத்தில் கிடைக்காதது.

காட்சிமுனைகளில் பின்பற்ற வேண்டிய விதிகள் உண்டா?

மலைப்பகுதியின் பெரும்பகுதி 2007இல் அமைக்கப்பட்ட தேசியப் பூங்காவுக்குள் வருகிறது. அதன் மையப் பகுதியில் முன் அனுமதியின்றி டிரோன் பறக்கவிடக் கூடாது. செடி, கல் எதையும் எடுத்துச் செல்லக் கூடாது. தீ மூட்டுவதில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். 2010இலும் 2011இலும் மாயிதோவின் சரிவுகளில் பரவிய காட்டுத்தீ, உலகில் வேறெங்கும் இல்லாத செடிகள் வளரும் பெரும்பரப்பை அழித்தது. அந்தத் தீயின் வடுக்களை மாயிதோ சாலையின் மேற்பகுதியில் இன்னும் காணலாம்.